பொன்னழகி நகரின் மண்புழுக்கள்

எதிர் வீட்டுக் கல்யாணசுந்தரி மார்கழி விடிகாலையில் தெருவை அடைத்துக் கோலம் போட்டு முடித்து, நடுவில் பூசணிப்பூ வைக்கக் குனிந்தபோது, கோலத்தின் ஒரு கோடு நகர்ந்தது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பக்கத்துக் கோடும் நகர்ந்தது. அப்புறம்தான் தெருவிளக்கு வெளிச்சத்தில் சங்கதி முழுசாகத் தெரிந்தது. துர்காதேவி வீட்டுச் சுவரோரத்திலிருந்து மண்புழுக்கள் சாரை சாரையாகத் தெருவைத் தாண்டி வந்துகொண்டிருந்தன.

கல்யாணசுந்தரி கூப்பாடு போடுகிற ஆள் இல்லை. துர்காதேவி வீட்டு கேட்டைத் தட்டி, "துர்கா, ஒங்க வீட்டு ஆளுகெல்லாம் எங்க வீட்டுக்குக் கெளம்பி வந்துட்டாக. வந்து கூட்டிட்டுப் போ" என்றார்.

துர்காதேவி முறமும் துடைப்பமும் ஈரச் சாக்குமாக ஓடிவந்தாள். அழுகை முட்டியது. அழ நேரமில்லை. கோலத்தைக் கலைக்காமல் புழுக்களை மட்டும் பொறுக்கப் பார்த்தாள். அது நடக்கிற காரியமா? நகர் கோலப் போட்டிக்கென்று கல்யாணசுந்தரி பார்த்துப் பார்த்துப் போட்ட மயில், வெயில் வருவதற்குள் கலர்ப்பொடியும் சேறுமாகக் குழம்பிப் போனது.

தப்பு துர்காதேவியுடையதுதான். அவளே அதைத் தெருவுக்கு நடுவில் நின்று சொன்னாள். அதுவரை அவள் தன் புழுக்களுக்குப் போட்டதெல்லாம் மாட்டுக்காரர் செல்வம் கொண்டுவந்து கொட்டுகிற சாணியும், காய்ந்த சருகும்தான். முதல் நாள் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஓர் அறுபதாம் கல்யாணம். மண்டபத்துச் சமையல்காரர், "சும்மாதானே போகுது, புழுவுக்குப் போடுங்க" என்று ஒரு வண்டி எச்சில் இலையை இறக்கிவிட்டார். வாழை இலைதானே, குளிர்ச்சிதானே என்று அவளும் தொட்டிகளில் பரப்பிவிட்டாள். இலை வந்தது தனியாக அல்ல. புளிக்குழம்பும் மிளகு ரசமும் மாங்காய் ஊறுகாயும் காரவறுவல் எண்ணெயும் ஒட்டிக்கொண்டு வந்தன. மண்புழுவுக்கு உடம்பு முழுக்கத் தோல். அந்தத் தோல் முழுக்க ஈரம். காரைக்குடிக் கல்யாணச் சாப்பாட்டை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு எந்த உயிர்தான் வீட்டில் தங்கும்? எரிச்சல் தாங்காமல் சுவரேறிக் குதித்து, குளிர்ந்த ஈரத்தைத் தேடிப் போயின. அந்த நேரத்துக்குத் தெருவில் ஈரமாக இருந்தது கல்யாணசுந்தரி சாணம் தெளித்த வாசல் ஒன்றுதான்.

கல்யாணசுந்தரியோடு போயிருந்தால் அது சிரித்து முடிகிற கதை. ஆனால் அவருடைய கணவர் சத்தியமூர்த்தி பொன்னழகி நகர்க் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று பேசாதவர். விதியென்றால் அவருக்கு விதிதான்; சொந்த மருமகன் தெருவை மறித்துக் காரை நிறுத்தியதற்கே சங்கத்தின் பெயரில் நோட்டீஸ் கொடுத்தவர். அவர் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்து கோலத்தைப் பார்த்தார், புழுவைப் பார்த்தார், துர்காதேவியைப் பார்த்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

துர்காதேவி நேமத்தான்பட்டிக்காரி. செட்டியார்களின் பெரிய வளவு வீடுகளின் பக்கம் அல்ல, கண்மாய்க்கரைப் பக்கம் வயல் வைத்துப் பிழைத்த குடும்பம். பிளஸ் டூ முடித்த கையோடு ஈஸ்வரனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஈஸ்வரன் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய், இப்போது அங்கே மேஸ்திரிகளுக்கு மேஸ்திரி. அவன் சம்பாத்தியத்தில் பொன்னழகி நகரில் அடுத்தடுத்து இரண்டு மனை வாங்கி, ஒன்றில் வீடு கட்டினார்கள். இன்னொன்றில் வேலிக்கருவை முளைத்தது. தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சிங்கப்பூர்க்காரர் சம்சாரம்' என்பார்கள். கேஸ் சிலிண்டர் போடுகிறவன்கூட 'சிங்கப்பூர் வீடு' என்றுதான் சொல்வான்.

குன்றக்குடியில் பெண்களுக்கு மண்புழு உரம் போடச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பொழுது போகட்டுமே என்றுதான் போனாள். திரும்பி வரும்போது டிபன் டப்பாவில் ஒரு பிடி புழு இருந்தது. கருவையை வெட்டி, ஹாலோபிளாக் கல் அடுக்கி இடுப்பளவு உயரத்துக்குத் தொட்டிகள் கட்டினாள். மேலே கீற்றுக் கொட்டகை போட்டாள். பச்சைச் சாணி சூடு. அதை ஆறவைத்து, கையை விட்டுப் பார்த்து, குளிர்ந்த பிறகே தொட்டியில் போட வேண்டும். மேலே போர்த்துகிற சாக்கு பிழிந்த துணி போல ஈரமாக இருக்க வேண்டும்; சொட்டினாலும் தப்பு, காய்ந்தாலும் தப்பு. சாக்கைத் தூக்கினால் மழை பெய்த மண்ணின் வாசம் வர வேண்டும். வேறு எந்த வாசம் வந்தாலும் உள்ளே ஏதோ கோளாறு. இதெல்லாம் கைக்குப் பழகிய பிறகு, திருப்பத்தூர் ரோட்டு நர்சரிக்காரர் வந்து உரம் எடுத்தார். பிள்ளையார்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறவர்கள் வந்தார்கள். சைக்கிளில் வருகிறவர்கள் தெருமுனையில் நின்று, "புழுக்கார அக்கா வீடு எது?" என்று கேட்டார்கள். முதல் தடவை அதைக் கேட்டபோது துர்காதேவி அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அவள் செய்த ஒன்றைச் சொல்லி ஊர் அவளைக் கூப்பிட்டது அப்போதுதான்.

அந்தத் தொட்டிகளுக்குத்தான் இப்போது ஆபத்து.

கோலம் கலைந்த மறுநாளே சத்தியமூர்த்தி மாநகராட்சிக்கு எழுதிய புகார்த் தாளோடு கேட்டுக்கு வந்தார்.

"ஏம்மா துர்கா, முதுகுக்குப் பின்னால எழுதி அனுப்புற பழக்கம் எனக்கில்ல. படிக்கிறேன், கேட்டுக்க."

குடியிருப்புப் பகுதியில் வணிக நோக்கில் புழு வளர்ப்பு நடப்பதாகவும், சுகாதாரக் கேடு உண்டாவதாகவும், அதை அப்புறப்படுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

"புழு ஓடுனது என் தப்பு சார். இனிமே மண்டபத்து இலை இந்த வாசலுக்கே வராது. அதுக்காகத் தொட்டியவே எடுக்கச் சொன்னா எப்படி?"

"இன்னைக்கு நீ புழு வளக்குற. நாளைக்கு ஒருத்தரு கோழிப்பண்ணை வைப்பாரு. அடுத்தாப்புல ஒருத்தரு எண்ணெய் மில்லு வைப்பாரு. யாரப் பாத்து நான் கூடாதுன்னு சொல்றது? ஊராட்சியா இருந்தப்ப எதுவும் நடந்துச்சு. இப்ப மாநகராட்சி. வரைபடத்துல இந்த நகர் முழுக்க மஞ்சக் கலரு. மஞ்சள்னா குடியிருப்பு. குடியிருக்கத்தான் எடம்."

"நானும் இங்கனதானே சார் குடியிருக்கேன்."

"நீ இரு. புழு இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு போனார்.

பொங்கலுக்குத் துர்காதேவி எதிர் வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினாள். தூக்குச்சட்டி அப்படியே திரும்பி வந்தது. கொண்டுவந்து கொடுத்த கல்யாணசுந்தரிக்கு முகம் செத்துப் போயிருந்தது. "வழக்கு முடியுற மட்டும் அந்த வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னுட்டாக. மனசுல வச்சுக்காத தாயி" என்றார். துர்காதேவி சட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். அந்தச் சீமையில் அது சின்ன விஷயம் இல்லை. ஒரு வீட்டோடு வருத்தம் என்றால் அங்கே கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் வருத்தம் தீர்ந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் பழசைக் கிளறுகிறவனை ஊர் மதிக்காது.

பொங்கல் கழிந்து, மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவிலிருந்து தீபலட்சுமி என்ற அதிகாரி ஸ்கூட்டரில் வந்தாள். இளம் வயசு. ஹெல்மெட்டைக் கழற்றாமலே தொட்டிகளைச் சுற்றி வந்தாள். அப்புறம் கழற்றிவிட்டு இன்னொரு தடவை சுற்றி வந்தாள்.

"விதியில கோழி இருக்கு, மாடு இருக்கு, மாவு மில்லு இருக்கு. புழு இல்லைங்க" என்றாள்.

"இல்லாட்டி விட்டுறலாம்ல மேடம்?"

"எழுதலைன்னா அனுமதியும் இல்லைன்னுதான் எடுத்துக்குவாங்க." தீபலட்சுமி ஒரு தொட்டியின் விளிம்பில் சாய்ந்துகொண்டாள். "ஒரே வழி, வீட்டோட சேந்த சின்னத் தொழில்னு எழுதலாம். அதுக்குப் புகை, சத்தம், நாத்தம், ஈ, இது எதுவும் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவா இருக்கக் கூடாது. நான் நேர்ல பாக்கணும். தெருக்காரங்கள வச்சுக்கிட்டு அவங்க சொல்றதையும் எழுதணும். தொந்தரவுன்னு அவங்க சொன்னா தொட்டிகள எடுத்துட்டு ஊருக்கு வெளிய எங்கயாச்சும் வச்சுக்கங்க. எடுக்கலைன்னா சீல்தான்."

ஊருக்கு வெளியே என்பது சொல்லத்தான் சுலபம். சாக்கு காய்ந்துவிடாமல் காலை, மதியம், சாயங்காலம் என்று தண்ணீர் தெளித்தாக வேண்டும். பள்ளிக்கூடம் போகிற ஆறு வயது மகள் அனுசுயாவை வைத்துக்கொண்டு, ஒற்றை ஆளாக அவள் எங்கே ஓடுவாள்? இங்கிருந்து தொட்டிகள் போனால் தொழில் போனதுதான். அது அவளுக்குத் தெரியும்.

ஈஸ்வரனுக்கும் தெரியும். அவன் தினமும் வீடியோ கால் போட்டுப் பயந்தான். பயப்படுவதில் அவனுக்கு ஈடு கிடையாது.

"துர்கா, இங்க பூந்தொட்டியில தண்ணி நின்னாலே ஃபைன் போட்டுருவான். சீல் வச்சா வீட்டுக்கும் சேத்து வைப்பாகளா?"

"வீடு என்னங்க பண்ணுச்சு?"

"ரெண்டு மனைக்கும் காம்பவுண்டு சொவரு ஒண்ணுதானே."

"நீங்க சாப்புட்டீகளா?"

"சோறு எறங்கல. பேசாம அந்தப் புழுவ எல்லாம் யாருக்காச்சும் குடுத்துரு."

"ஒங்கள குடுத்தாலும் குடுப்பேன், புழுவக் குடுக்க மாட்டேன். வைங்க போன."

போனை வைத்துவிட்டுச் சாக்குகளுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனாள். தெருக்காரர்களை ஒரு இடத்தில் நிற்கவைத்து, மூச்சை இழுத்துப் பார்க்கச் சொல்லி, நாற்றம் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கேட்பது? எவரும் சத்தியமூர்த்தி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். அவர்கள் அங்கே வர வேண்டும், கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், மூக்கையும் வாயையும் சேர்த்துத் திறக்க வேண்டும். அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அனுசுயாவின் காதுகுத்து நினைவுக்கு வந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்கட்டும், கிடைக்கட்டும் என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போன காதுகுத்து.

தம்பி முத்தரசுவை வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னாள். அவன் முறுக்கிக்கொண்டு எழுந்தான்.

"அக்கா, ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? நான் தாய்மாமன். மேளதாளத்தோட சீர்த்தட்டு தூக்கிட்டுப் புழுத்தொட்டிக்கா வரணும்?"

"மண்டபத்துல போட்டா வந்து தின்னுட்டுப் போயிருவாக. இங்க போட்டாத்தான் தெரியும்."

"பங்காளிக எல்லாம் சிரிப்பாய்ங்க."

"சிரிச்சுக்கிட்டே சாப்புடட்டும். நல்லா செரிக்கும்."

"மச்சான் என்ன சொல்றாரு?"

"அவரு பயப்படுறாரு. அது எப்பவும் உள்ளதுதான். காது குத்த மாமன் மடிதான்டா வேணும். அப்பன் வீடியோவுல பாத்தாப் போதும்."

முத்தரசு தலையைச் சொறிந்தான். அக்காள் முடிவெடுத்த பிறகு பேசிப் பிரயோசனமில்லை என்பது அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே பாடம். "மேசை வாடகைக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டான்.

"வேணாம். தொட்டி மேலேயே பலகையப் போட்டு, பேப்பர் விரிச்சு, இலையப் போடுவோம். ஒசரம் சரியா இருக்கு."

தீபலட்சுமியிடம் போய், ஆய்வை அன்றைக்கே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். "விசேஷத்தன்னைக்கா?" என்று அதிகாரி புருவத்தை உயர்த்தினாள். "அன்னைக்குத்தான் மேடம் மொத்தத் தெருவும் என் வாசல்ல இருக்கும்" என்றாள் துர்காதேவி.

எல்லா வீட்டுக்கும் அழைப்பு வைத்துவிட்டு, எதிர் வீட்டுக்குக் கடைசியாகப் போனாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை.

"பந்தி எங்க?" என்றார் சத்தியமூர்த்தி.

"புழுத்தோட்டத்துல சார். தொட்டி மேல பலகை போட்டு. தொட்டி ஒண்ணையும் எடுக்கல, ஒண்ணையும் காலி பண்ணல. நாத்தம் வந்துச்சுன்னா இலையிலிருந்து எந்திரிச்சு அந்த மேடத்துக்கிட்ட சொல்லுங்க. மறுநாள் நானே தொட்டிய ஒடைக்கிறேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சாம்பிராணி போட்டு மறைக்கக் கூடாது."

"போடல சார்."

"ஊதுபத்தி, பன்னீரு, சந்தனம் எதுவும் கூடாது."

"கூடாது."

"கறிக்கொழம்பு வச்சா அந்த மசாலா வாடையில செத்த எலிகூடத் தெரியாது."

"சைவம்தான் சார். சமையலும் இங்க இல்ல. முத்தரசு வீட்டுல சமைச்சு வண்டியில வரும்."

நீட்டிய வெற்றிலைத் தட்டைத் தள்ளுகிற வழக்கம் அவர் பக்கத்திலும் கிடையாது. எடுத்துக்கொண்டார். "வர்றேன். ஆனா கை நனைப்பேன்னு சொல்லல" என்றார்.

காதுகுத்து அன்று துர்காதேவி வெள்ளெனவே எழுந்து ஒவ்வொரு சாக்காகத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். வழக்கம்போல் தண்ணீர் தெளித்தாள். எல்லாம் சரி. மூலைத் தொட்டியில்தான் மனசு நிற்கவில்லை. அதில் சாணி போட்டு ரொம்ப நாளாகவில்லை. ஆறவைத்துத்தான் போட்டிருந்தாள், கையை விட்டால் குளிர்ச்சியாகத்தான் இருந்தது, ஆனாலும் பயம். அந்தத் தொட்டியில் இருப்பதை அள்ளி எங்காவது மூடி வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. காலி பண்ணவில்லை என்று சொல்லியாயிற்று. சாக்கைத் திரும்பப் போர்த்திவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினாள்.

குலதெய்வக் கோயிலில் மாமன் மடியில் உட்கார்ந்து அனுசுயா வீறிட்டு அழுதாள். போனில் பார்த்துக்கொண்டிருந்த ஈஸ்வரன் அவளைவிடக் கூடுதலாக அழுதான். முத்தரசு போனைப் பார்த்து, "மச்சான், ஒங்களுக்கும் சேத்துக் குத்தியாச்சு, கண்ணத் தொடைங்க" என்றான்.

மதியம் பந்தி. கொட்டகைக்குள் தொட்டிகளின் மேல் பலகை, பலகை மேல் வெள்ளைப் பேப்பர், பேப்பர் மேல் இலை. இருபுறமும் நாற்காலிகள். முதலில் வந்தவர்கள் உட்காரத் தயங்கினார்கள். மாட்டுக்காரர் செல்வம், "என்னங்க பாக்குறீக? நம்ம மாடு போட்டதுதான் கீழ இருக்கு. வேத்தாளு இல்ல" என்று சொல்லி உட்கார்ந்தார். சிரிப்பு கிளம்பியது. ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள்.

சத்தியமூர்த்தி வெள்ளை வேட்டியில் வந்தார். நடுவில் இடம் இருந்தது. அவர் அதைத் தாண்டி, கொட்டகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக மூலைத் தொட்டிக்குப் போய் உட்கார்ந்தார். துர்காதேவி ரசவாளியோடு பக்கத்து வரிசைக்கு நகர்ந்துகொண்டாள்.

தீபலட்சுமியும் வந்துவிட்டாள். சாப்பிடச் சொன்னதற்கு, "வேலைல இருக்கேங்க, தண்ணி மட்டும் போதும்" என்றாள். சோறு, பருப்பு, நெய், கத்திரிக்காய்க் கோசமல்லி, இனிப்புக்குக் கும்மாயம் எல்லாம் இலைகளில் விழுந்தன. தெரு சாப்பிட ஆரம்பித்தது. சத்தியமூர்த்தி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது மூக்கு மட்டும் அசைந்தது.

"சார், சோறு ஆறுது" என்றான் முத்தரசு.

"ஆறட்டும்."

முத்தரசு அக்காள் பக்கம் திரும்பி, "இலையில ஒக்காந்துட்டுச் சாப்புடாம எந்திரிச்சாருன்னா நான் பேசுவேன்" என்று பல்லைக் கடித்தான்.

"பேசுனேன்னா அடுத்த சீரு நீ செய்ய வேண்டியதில்ல. வாளியப் புடி."

தெருக்காரர்கள் ஒவ்வொருவரிடமாகப் பேசி எழுதிக்கொண்டே தீபலட்சுமி மூலைக்கு வந்தாள். அவள் கேட்பதற்கு முன் சத்தியமூர்த்தி எழுந்து நின்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"மேடம், இத நீங்க சோதனைன்னு எழுதக் கூடாது."

"ஏன் சார்?"

"தொட்டிய எல்லாம் காலி பண்ணிட்டுப் பலகையப் போட்டிருக்காக. நான் வந்ததுலேருந்து மோந்து பாக்குறேன். ஒரு பொட்டு வாடை இல்ல. ஒரு ஈ இல்ல. சோத்துல ஒரு கொசு விழல. சாணியக் கொட்டிப் புழு வளக்குற எடத்துல அது எப்படி இல்லாமப் போகும்? நேத்தே வண்டி வச்சு ஏத்தி எங்குட்டோ அனுப்பிட்டாக. நீங்க எழுதிக் குடுத்துட்டுப் போனதும் மறுபடி இங்குட்டு வந்துரும்."

துர்காதேவிக்கு முதலில் சுருக்கென்று தைத்தது. ஏமாற்றுக்காரி என்று தெருவுக்கு நடுவில் சொல்லிவிட்டாரே என்று முகம் சிவந்தது. முத்தரசு வாளியைக் கீழே வைத்தான். அதற்குள் அவள் மனசு, அவர் சொன்னதை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தது. ஒரு பொட்டு வாடை இல்லை. ஒரு ஈ இல்லை. சொன்னது யார்? தெருவிலேயே கூர்மையான மூக்கு. அதுவும் மூலைத் தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டு.

தீபலட்சுமியின் பேனா வேகமாக ஓடிக்கொண்டிருந்ததைத் துர்காதேவி பார்த்தாள். ரசவாளியைத் தம்பியிடம் கொடுத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"சார், ஒங்க இலைய மட்டும் கொஞ்சம் தூக்கச் சொல்றேன்" என்றாள்.

முத்தரசும் செல்வமும் இலையை, சோறு சிந்தாமல், பிறந்த பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கிப் பிடித்தார்கள். துர்காதேவி பேப்பரை ஒதுக்கி, பலகையை நகர்த்தி, சாக்கை விலக்கினாள். கருகருவென்று ஈர உரம். வெளிச்சம் பட்டதும் சிவப்புப் புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு உள்ளே போகப் பார்த்தன. அவள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் புழு.

தீபலட்சுமி குனிந்து முகர்ந்தாள். எட்டிப் பார்த்த பெண்களில் யாரோ, "மழை பெஞ்ச மாதிரில்ல இருக்கு" என்றார்கள்.

சத்தியமூர்த்தி அசையவில்லை. "அடுத்த தொட்டி" என்றார்.

அடுத்த தொட்டிக்காரர்கள் தங்கள் இலைகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். ஒருவர் அப்பளத்தை வாயில் கவ்விக்கொண்டார். அங்கேயும் புழு. அதற்கடுத்ததிலும் புழு. எல்லாத் தொட்டியும் நிறைந்திருந்தது.

"சார், நீங்க சொன்னத ஒரு வார்த்தை விடாம எழுதிட்டேன்" என்றாள் தீபலட்சுமி. "ஒரு பொட்டு வாடை இல்ல, ஒரு ஈ இல்ல, சங்கச் செயலாளர் நேரில் சொன்னது. இதுக்கு மேல நான் யாரையும் கேக்க வேண்டியதில்ல. போன வாரம் ரெண்டு நாளு சொல்லாம வந்து தெருமுனையில நின்னு பாத்துட்டும் போயிருக்கேன். வீட்டுத் தொழில்னு எழுதுறேன்."

முதலில் செல்வம்தான் சிரித்தார். அப்புறம் பெண்கள் பக்கம். அப்புறம் கொட்டகையே சிரித்தது. சத்தியமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"காலின்னு சொன்னது தப்பு. நீ ஏமாத்துனேன்னு சொன்னது அதவிடப் பெரிய தப்பு" என்றார். "வாடை இல்லைன்னு சொன்னது தப்பில்ல. அது அப்படியே இருக்கட்டும் மேடம். ஆனா நிபந்தனை போட்டு எழுதுங்க. தொட்டி இதுக்கு மேல கூடக் கூடாது. எச்சி இலை, சமைச்ச சோறு உள்ள வரக் கூடாது. சாணி வண்டி பள்ளிக்கூட நேரத்துல தெருவுக்குள்ள நிக்கக் கூடாது."

"மூணுக்கும் சம்மதம் சார்" என்றாள் துர்காதேவி. "நாலாவதா ஒண்ணு நானே சொல்றேன். சங்கத்துலேருந்து எப்ப வேணாலும், சொல்லாம கொள்ளாம வந்து, சாக்கத் தூக்கிப் பாக்கலாம்."

அவர் தலையை ஆட்டினார். நாற்காலியை இழுத்து, அதே மூலையில் உட்கார்ந்தார். "பலகையப் போட்டு இலைய வையிங்கப்பா. எவ்வளவு நேரம் தூக்கிக்கிட்டே நிப்பீக?"

இலை வந்தது. துர்காதேவி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, ஆறிய சோற்றை எடுத்துவிட்டுச் சூடாக வைத்தாள். குழம்பு ஊற்றினாள். சத்தியமூர்த்தி உள்ளங்கையில் தண்ணீர் வாங்கி இலையைச் சுற்றினார். சோற்றில் கையை வைத்தார். பிசைந்தார். முதல் கவளத்தை வாயில் போட்டார்.

பெண்கள் பந்தியிலிருந்து கல்யாணசுந்தரியின் குரல் வந்தது. "அவுகளுக்குக் கும்மாயம் இன்னொரு கரண்டி வையி தாயி. காலையிலேருந்து வெறும் வயித்தோடதான் மோந்துக்கிட்டு இருக்காக."

முறைப்படியான உத்தரவு மாசி மாதம் வந்தது. குடியிருப்பு மண்டலத்தில் வீட்டோடு சேர்ந்த சிறுதொழில் என்று போட்டு, நான்கு நிபந்தனைகளும் வரிசையாக இருந்தன. துர்காதேவி அதைக் கேமராவில் காட்டியபோது ஈஸ்வரன், முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா, கையெழுத்து மைப்பேனாவா பால்பாயிண்டா என்று கேட்டான். அடுத்த தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வந்து அந்தத் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வீட்டுக் கொல்லையிலும் இப்போது தொட்டிகள் இருக்கின்றன. அங்கே ஆய்வுக்குப் போகும்போது தீபலட்சுமி, சங்கச் செயலாளர் என்ற முறையில் சத்தியமூர்த்தியையும் கூப்பிட்டுக்கொள்கிறாள். அவர் சாக்கைத் தூக்கி முகர்ந்து பார்த்து, "சாணி இன்னும் ஆறல" என்று கண்டித்துவிட்டு வருகிறார்.

ஆனால் பந்தி நாளில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, வீட்டுக்காரி சாப்பிடுகிற கடைசிப் பந்தி. துர்காதேவிக்குப் பசி என்ற ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. முந்தின நாளிலிருந்து அவள் எதுவும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவில்லை. பட்டுப்புடவையோடு மூலைத் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கல்யாணசுந்தரி வாளியை முத்தரசு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தானே பரிமாறினார்.

"போதும்க்கா."

"என்ன போதும்? ஊரையே சாப்புட வச்சவ, ஒழுங்காச் சாப்புடு."

துர்காதேவி மறுசோறு வாங்கினாள். ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் வாங்கினாள். கும்மாயத்தை விரலால் வழித்துச் சாப்பிட்டாள். பாத்திரம் கழுவ வந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை. அது அவள் தோட்டம், அவள் தொட்டி. எழுந்திரு என்று சொல்ல இனி யாரும் இல்லை.